டெலிவரிக்கு வரும் தம்பிக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: நாங்கள் நங்கநல்லூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாட்டை ஆப் மூலம் வரவழைக்கிறோம். டிப்ஸ் விஷயத்தில் ஆளுக்கொரு பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் மகன், "பில்லில் 15, 20 சதவீதம் போடுங்கம்மா" என்கிறான். கணவரோ, "டெலிவரி சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ எல்லாம் வாங்கிக்கிறாங்களே, அப்புறம் எதுக்கு?" என்கிறார். எதிர் வீட்டம்மா, "கொடுத்துப் பழக்கினா நாளைக்குக் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்கிறார். போன வாரம் வந்த பையன், "ஆப்ல டிப்ஸ் ஏதாவது போட்டு விடுங்கம்மா" என்று கேட்டேவிட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆப்பில் போடும் பணம் அவனுக்குப் போய்ச் சேருகிறதா? பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவர்கள் எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில் (தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்):

அம்மா, முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண நாளில் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய். மழை கொட்டும்போது, இரவு பத்தரைக்கு மேல், பொங்கல் தீபாவளி நாட்களில், அல்லது பிறந்தநாள் விருந்துக்கு மூன்று பை நிறையத் தூக்கி வரும்போது 50 ரூபாய். உங்கள் வீட்டுக்கு இதுவே போதுமானது, மரியாதையானதும்கூட. வாரத்துக்கு நான்கு ஆர்டர் என்றால் மாதம் 350 ரூபாயைச் சுற்றித்தான் வரும். மாதக் கடைசியில் கை இறுகினால் 10 ரூபாய் போடுங்கள். அதையும் போட முடியாத நாளில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சதவீதக் கணக்கு வேண்டாம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். நாலு இட்லியும் ஒரு வடையும் 90 ரூபாய் என்று வையுங்கள். ஆதம்பாக்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர். அதே தெருவிலிருந்து 1,200 ரூபாய்க்கு பிரியாணி வரவழைத்தாலும் நான்கு கிலோமீட்டர்தான். சிக்னல் அதேதான், பெட்ரோல் அதேதான், மாடிப்படியும் அதேதான். பத்து சதவீதம் என்று போட்டால் இட்லி கொண்டுவந்தவருக்கு 9 ரூபாய், பிரியாணி கொண்டுவந்தவருக்கு 120 ரூபாய். இருவரும் செய்த வேலை ஒன்றாக இருக்கும்போது இது என்ன நியாயம்? ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது பில் ஏற ஏற, பரிமாறுகிறவர் எடுத்துவரும் தட்டும் கூடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் தூரமும் நேரமும் வெயிலும் மழையும்தான் கணக்கு. உணவின் விலைக்கு அங்கே இடமே இல்லை.

மகன் சொல்வதும் அவர் இருக்கும் ஊருக்குச் சரிதான். அங்கே டிப்ஸ் என்பது சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. பல மாநிலங்கள் அதிகம் வைத்திருக்கின்றன என்றாலும் அடிப்படை இதுதான். மீதியை வாடிக்கையாளர் கையிலிருந்து ஈடுகட்டும் அந்த ஓட்டல் பழக்கம் ஆப் டெலிவரிக்கும் அப்படியே வந்துவிட்டது. நம் ஊரில் அந்த வழி வேரூன்றக் கூடாது என்பதே என் விருப்பம். வாடிக்கையாளர் கொடுப்பார் என்று நம்பிக் கூலியைக் குறைக்க ஒரு நிறுவனத்துக்கு நாம் இடம் கொடுத்துவிடக் கூடாது.

அப்படி நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் டோர்டேஷ் என்ற உணவு டெலிவரி நிறுவனம் 2017லிருந்து 2019 வரை வைத்திருந்த முறையைப் பாருங்கள். ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று உறுதி சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் போட்ட டிப்ஸையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். டிப்ஸ் கூடினால் நிறுவனம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மனமிரங்கிப் போட்ட பணம் நிறுவனத்தின் செலவைக் குறைக்கத்தான் உதவியது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தொடர்ந்த நடவடிக்கையில் அந்த நிறுவனம் 2025 பிப்ரவரியில் 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆகவே "போய்ச் சேருகிறதா?" என்று நீங்கள் கேட்டது வெறும் சந்தேகக் கேள்வி அல்ல. கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். டிப்ஸ் முழுவதையும் பிடித்தமில்லாமல் டெலிவரி பார்ட்னருக்கே கொடுக்கிறோம் என்று ஸொமாட்டோ வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதன் நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 2025ல் அவர்களுடைய ரைடர் ஒருவரின் சராசரி வருமானம், டிப்ஸ் நீங்கலாக, மணிக்கு 102 ரூபாய். பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் கையில் நிற்பது 80 ரூபாய் சொச்சம். தினம் 10 மணி நேரம் வீதம் மாதம் 26 நாள் ஓட்டினால் 21,000 ரூபாய் வரும். இது நிறுவனம் சொல்லும் கணக்கு. ரைடர்களின் சங்கங்கள் இதை ஏற்கவில்லை. உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு என்கிறார்கள். 2025 டிசம்பர் 25லும் 31லும் அவர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்ததற்கு வருமானமும் ஒரு காரணம்.

அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது. டிப்ஸாக வருவது சராசரியாக மணிக்கு 2 ரூபாய் 60 காசு. நூறு ஆர்டரில் ஐந்துக்குத்தான் யாராவது டிப்ஸ் போடுகிறார்கள். "கொடுத்துப் பழக்குகிறோம்" என்ற எதிர் வீட்டம்மாவின் கவலைக்கு இந்த எண்ணே பதில். தொண்ணூற்றைந்து வீடுகள் ஒன்றும் கொடுப்பதில்லை, அம்மா. நீங்கள் போடும் 20 ரூபாய், அவருடைய கால் மணி நேரத்து உழைப்புக்குச் சமம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. பில்லில் இத்தனை கட்டணம் இருக்கும்போது அதெல்லாம் கொண்டுவருகிறவருக்குத்தானே போகும் என்று யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. பிளாட்ஃபார்ம் ஃபீ நிறுவனத்தின் வருமானம். 2023ல் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று தொடங்கி இப்போது பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. உணவின் மேல் போடும் 5 சதவீத ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகிறது. டெலிவரி கட்டணமும் ரைடருக்குக் கிடைக்கும் தொகையும் வேறு வேறு கணக்கு. "ஃப்ரீ டெலிவரி" என்று உங்களுக்குக் காட்டிய நாளிலும் அவருக்கு ஏதோ ஒரு தொகை போகிறது. உங்களிடம் 60 ரூபாய் வாங்கிய நாளில் அந்த அறுபதும் அவருக்குப் போய்விடும் என்பதும் இல்லை. தூரம், நேரம், பகுதி, இன்சென்டிவ் என்று ரேட் கார்டு ஒன்று தனியாக இருக்கிறது. அதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த பில்லில் ரைடருக்கே என்று போகும் தொகை டிப்ஸ் ஒன்றுதான்.

காசாக மாறாத நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சமையல் முடியும்வரை ஓட்டல் வாசலில் நிற்பது. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டர் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பி வரும் வெறும் ஓட்டம். லொகேஷன் தவறாக இருந்து தெருத் தெருவாகச் சுற்றுவது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ரைடர்கள் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட இந்த நேரத்தைப் பற்றித்தான் அதிகம் வேதனைப்படுகிறார்கள். கோடையில் ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. மாநகராட்சி 2025ல் அண்ணா நகரில் இவர்களுக்கென்று ஏ.சி. ஓய்வறை ஒன்றைத் திறந்தது நல்ல காரியம். சென்னை முழுக்க வேண்டும்.

சட்டத்தில் இவர்கள் நிலை என்ன என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். நிறுவனத்தின் சட்டை போட்டிருந்தாலும், முதுகில் நிறுவனத்தின் பை தொங்கினாலும், அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. ஒப்பந்தப்படி "பார்ட்னர்". அதனால் குறைந்தபட்சக் கூலி கிடையாது, பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, செல்போனும் டேட்டாவும் அவருடையது. 2020ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் முதன்முதலாக இவர்களை கிக் தொழிலாளர் (வழக்கமான முதலாளி–ஊழியர் உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர்) என்று மத்தியச் சட்டத்தில் பெயர் சொல்லி அங்கீகரித்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அது. நல்ல தொடக்கம். ஆனால் அது நல உதவி பற்றியது. மணிக்கு இவ்வளவு கூலி என்று அது எங்கும் சொல்லவில்லை. கூலிக்கு அடித்தளம் இல்லாத ஒரு வேலையில்தான் இந்தத் தம்பிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லாமல் இல்லை. தபால்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் பால் போடுகிறவருக்கும் தீபாவளிக்கு என்று எடுத்து வைத்துத்தானே வந்தோம்? அவர்கள் வருஷம் முழுக்க நமக்குத் தெரிந்த முகங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தாலும் கணக்கு நேராகிவிடும். ஆப் வந்த பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புது முகம். இன்று மழையில் நனைந்து வந்தவரைத் தீபாவளிக்கு நீங்கள் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் அப்போதைக்கப்போது சிறு தொகையாகக் கொடுத்துவிடச் சொல்கிறேன்.

இப்போது, உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் அந்தப் பையனின் விஷயம். கேட்டதில் அவன் பக்கம் தவறு ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான். கதவைச் சாத்தியதில் நீங்களும் பெரிய பாவம் எதுவும் செய்துவிடவில்லை. எதிர்பாராமல் ஒருவர் கேட்டால் யாருக்கும் தடுமாறும். அடுத்த முறை யாராவது கேட்டால் "போடுறேன்ப்பா" என்றோ, முடியாத நாளில் "இன்னிக்கு முடியலப்பா, பாத்துப் போ" என்றோ முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இரண்டுமே பழக்கம். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் மனதைக் கஷ்டப்படுத்தும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டிப்ஸ் கேட்டான் என்று ஆப்பில் புகார் எழுதாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிட எரிச்சல். அந்தப் பக்கத்தில் ஐடி பிளாக் ஆகிவிட வாய்ப்பு இருக்கிறது. ஐடி பிளாக் ஆனால் மறுநாள் காலையில் லாக் இன் செய்ய முடியாது. வருமானம் அந்த நிமிடமே நின்றுவிடும். என்ன புகார், யார் கொடுத்தார்கள் என்றுகூடத் தெரியாமல், பேசுவதற்கு ஓர் அதிகாரியின் பெயர்கூடக் கிடைக்காமல், வண்டிக்கான இ.எம்.ஐ. கட்ட முடியாமல் என் அலுவலக வாசலுக்கு வந்து நிற்கிறவர்கள் உண்டு. மிரட்டினார், குடித்திருந்தார், தகாத முறையில் நடந்தார் என்றால் கட்டாயம் புகார் கொடுங்கள். உங்கள் பாதுகாப்புதான் முதலில். டிப்ஸ் கேட்டது அந்தப் பட்டியலில் சேராது.

ஸ்டார் போடும்போதும் அதே கவனம் வேண்டும். சாம்பார் ஆறிப்போய் வந்தது, சட்னி வரவில்லை, பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்றால் அது சமையலறையின் குறை. உணவுக்கும் டெலிவரிக்கும் தனித்தனியாகத்தான் ரேட்டிங் கேட்கிறார்கள். கோபத்தில் இரண்டிலும் ஒரு ஸ்டார் போட்டுவிட்டால், சீல் வைத்த பையைப் பிரித்துப் பார்க்கக்கூட உரிமை இல்லாத ஒருவருக்குத் தண்டனை போகிறது. நீங்கள் கொடுத்த 20 ரூபாயைவிட அந்த ஒரு ஸ்டாரால் அவருக்கு வரும் நஷ்டம் பெரிதாக இருக்கலாம்.

ஆப்பில் போடுவதா, கையில் கொடுப்பதா? கையில்தான், முடிந்தவரை. இரவு பெட்ரோல் பங்க்கில் உடனே உதவும். வீட்டில் பத்து, இருபது ரூபாய் நோட்டு சிலவற்றைக் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாவிட்டால் அவருடைய ஜிபே எண்ணைக் கேட்டு அனுப்பலாம். ஆனால் உங்கள் செல்போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள், நீங்களே எண்ணைப் பதிந்து பெயர் சரியா என்று பார்த்து அனுப்புங்கள். தனியாக இருக்கும் இரவில் இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் ஆப்பிலேயே போட்டுவிடுங்கள், தவறில்லை. ஆர்டர் போடும்போதே போடாமல், சாப்பாடு கைக்கு வந்த பிறகு போடுங்கள் என்பது என் யோசனை. வேலை முடிந்த பிறகு மனமுவந்து கொடுப்பதுதான் டிப்ஸ். முன்கூட்டியே வாங்கினால் அது ஏலம் மாதிரி ஆகிவிடும். 2025 மே மாதம் டாக்சி ஆப் ஒன்றில் "அட்வான்ஸ் டிப்" கேட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது இந்தக் காரணத்துக்காகத்தான். கேஷ் ஆன் டெலிவரி என்றால் 287 ரூபாய்க்கு 300 கொடுத்து "மீதியை வெச்சுக்கோப்பா" என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் அவருக்கும் சில்லறைத் தேடல் இல்லை.

காசு செலவாகாத சில உதவிகளும் உண்டு. சில சமயம் அவை டிப்ஸைவிடப் பெரியவை. ஆப்பில் உங்கள் வீட்டு லொகேஷனைத் தெரு முனையில் இல்லாமல் கேட்டுக்கு நேராகவே வைத்திருக்கிறீர்களா என்று பேத்தியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "பிள்ளையார் கோவில் எதிர், பச்சை கேட், 3ஆம் மாடி" என்று குறிப்பு எழுதுங்கள். அவர் கூப்பிட்டால் போனை எடுங்கள். கோடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமலேயே நீட்டுங்கள். ஐந்து நிமிடம் மிச்சமானால் அடுத்த ஆர்டருக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேருவார். தாமதமாக வந்தவரிடம் "ஏன் லேட்டு?" என்று அதட்டாதீர்கள். மின்னல் வேக டெலிவரி என்ற விளம்பரத்துக்காக உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறார்கள் என்ற கவலை வலுத்துத்தான், 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தலையிட்டது. மளிகை ஆப்கள் "10 நிமிடம்" என்ற வாசகத்தை எடுக்கத் தொடங்கின.

மூன்றாம் மாடி என்றீர்கள். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால், டெலிவரிக்கு வருகிறவர்கள் அதில் ஏறலாமா என்று விசாரியுங்கள். பல குடியிருப்புகளில் "டெலிவரி ஆட்கள் படியில் செல்லவும்" என்று அட்டை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. நமக்குச் சாப்பாடு சுமந்து வருகிறவர் நம் லிஃப்டில் நிற்கக் கூடாது என்பது நாம் படித்த எந்தப் பாடத்தில் இருக்கிறது? நீங்கள் ஆசிரியை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னால் கேட்பார்கள். அந்த அட்டையைக் கழற்ற வைத்தால், அந்தக் கட்டடத்துக்கு வரும் ஒவ்வொரு ரைடருக்கும் தினமும் டிப்ஸ் கொடுத்த மாதிரி. லிஃப்டே இல்லை என்றால், கணவரால் இறங்க முடியாது, உங்களாலும் முடியாது என்ற நிலையில் படியேறி வருகிறவருக்கு 20ஐ 30 ஆக்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பரில் தமிழக அரசு கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்யலாம். விபத்து, இறப்பு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. 2025–26 பட்ஜெட்டில் வாரிய உறுப்பினர்கள் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாரியம் இருப்பதே தெரியவில்லை. பையை வாங்கும்போது "நல வாரியத்துல பதிஞ்சுட்டியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்கோ மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்துக்கோ போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஒரு சிறு துண்டுச் சீட்டில் இதை எழுதி, அந்த இருபது ரூபாய் நோட்டோடு மடித்துக் கொடுத்தாலும் சரி.